கூரை கெட்டி, தரை சகதி: வெயிலும் நிழலும் ஒரே ஃப்ரேமில்

மதுரை திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் காலை பதினொரு மணிக்கு நின்றால் கண்ணுக்கு எல்லாமே தெரிகிறது. வெயில் நேராக விழும் தூணில் சுண்ணச்சாந்தின் வழவழப்பு தெரிகிறது. தூண்களுக்குப் பின்னால் நிழலடைந்த கூடத்தின் கூரையில் சுதை வேலைப்பாடு தெரிகிறது. அதற்கும் உள்ளே பாதி திறந்த கதவின் சட்டம்கூடத் தெரிகிறது. அதையே கேமராவில் எடுத்தால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். தூண் வெள்ளைத் தாளாகிவிடும். இல்லையென்றால் கூடம் கரிப்பிடித்த சட்டியாகிவிடும்.

கண் எல்லாவற்றையும் ஒரே நொடியில் பார்ப்பதில்லை. தூணுக்கு ஒரு மாதிரி, கூரைக்கு ஒரு மாதிரி தன்னைத் திருத்திக்கொண்டே போகிறது. மூளை அந்தத் துண்டுகளை ஒட்டித் தைத்துக் கொடுத்துவிடுகிறது. சென்சாருக்கு அந்த வசதி கிடையாது. ஷட்டர் திறந்து மூடுவதற்குள் எல்லாப் பிக்சலுக்கும் ஒரே கணக்கு.

அந்தக் கணக்கை எண்ணாகவே பார்த்துவிடலாம். ஐஎஸ்ஓ (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) 100, அபெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 8 என்று வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட காட்சி ஒன்றைச் சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்தால் ஷட்டர் நேரம் ஏறக்குறைய இப்படி வரும். வெயில் பட்ட வெள்ளைத் தூண் 1/2000 நொடி. வெயில் பட்ட தரை 1/500. கூடத்து நிழலில் நிற்கும் தூண் 1/30. கூடத்தின் கூரை 1/4. உள்கதவின் இருட்டு 2 நொடி. 1/2000க்கும் 2 நொடிக்கும் நடுவே 4000 மடங்கு வித்தியாசம். ஒளி இரட்டிப்பாவது ஒரு ஸ்டாப் என்பதால் இது 12 ஸ்டாப். மீட்டர் காட்டுவது ஒவ்வோர் இடத்தின் சராசரியைத்தான். கதவிடுக்கு அந்தச் சராசரியைவிட இன்னும் இரண்டு ஸ்டாப் கீழே இருக்கும். ஆக, 14. சூரியனே ஃப்ரேமுக்குள் வந்துவிட்டால் கணக்கே வேண்டாம். எந்தச் சென்சாரும் அதைப் பிடிக்காது, பிடிக்கவும் தேவையில்லை.

டைனமிக் ரேஞ்ச் (ஒரே படத்தில் அடங்கும் வெளிச்ச இடைவெளி) 14 ஸ்டாப் என்று அட்டையில் போட்ட கேமரா கையில் இருக்கிறது. காட்சியும் 14 ஸ்டாப். அப்படியானால் கச்சிதமாக அடங்க வேண்டுமே? அடங்காது.

ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழும் ஒளியை எலக்ட்ரான்களாகச் சேர்த்துவைக்கிறது. அதற்கு ஓர் உச்ச அளவு உண்டு. ஃபுல் ஃப்ரேம் (35 மிமீ ஃபிலிம் அளவுள்ள) சென்சார் ஒன்றில் அது 60,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவு நிறைந்த பிறகு எவ்வளவு ஒளி விழுந்தாலும் பதிவாவது அதே எண்தான். தூணின் பூச்சில் இருந்த மேடு பள்ளமெல்லாம் ஒரே 60,000 ஆகிவிடும். எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இதுதான் கூரை. கெட்டிக் கான்கிரீட் கூரை. முட்டினால் முட்டியதுதான்.

கீழே அப்படி இல்லை. சேர்ந்த எலக்ட்ரான்களை எண்ணும் மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் தப்பாக எண்ணும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பிசகுக்கு நாய்ஸ் என்று பெயர்; இந்த வகையை ரீட் நாய்ஸ் என்கிறார்கள். நல்ல சென்சாரில் அது 3 எலக்ட்ரான் அளவில் இருக்கும். 60,000த்தை 3ஆல் வகுத்தால் 20,000. ஸ்டாப் கணக்கில் 14.3. அட்டையில் வரும் எண் இப்படிப் பிறப்பதுதான்.

ஆனால் ரீட் நாய்ஸ் மட்டுமே நாய்ஸ் இல்லை. ஒளியே சீராக விழுவதில்லை. தூறல் ஆரம்பிக்கும்போது முற்றத்துத் தரையைப் பார்த்தால் ஒரு சதுரத்தில் ஏழு துளி, பக்கத்துச் சதுரத்தில் பன்னிரண்டு என்று விழுந்திருக்கும். அடைமழையில் அந்த வித்தியாசம் தெரியாது. ஒளித்துகளும் அப்படித்தான். சராசரியாக 100 எலக்ட்ரான் சேர வேண்டிய இடத்தில் 10 கூடக் குறைய இருக்கும். 10,000 சேரும் இடத்தில் 100 கூடக் குறைய. அதாவது தடுமாற்றம் வர்க்கமூலத்தின் அளவு. முதலாவதில் பத்தில் ஒரு பங்கு பிசகு, இரண்டாவதில் நூற்றில் ஒரு பங்கு. நிழலில் புள்ளி புள்ளியாகத் தெரிவதில் பெரும்பகுதி சென்சாரின் குற்றமே இல்லை. அங்கே ஒளி குறைவு, அவ்வளவுதான்.

இப்போது மகாலுக்குத் திரும்புவோம். தூணைக் கூரைக்கு ஒரு விரற்கடை கீழே நிறுத்த வேண்டும். மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். ஐஎஸ்ஓ 12232 தரத்தின் ஒரு முறைப்படி அந்தச் சாம்பல் சென்சாரின் உச்சத்தில் 12.7 சதவீதத்தில் நிற்கும், அதாவது கூரைக்கு ஏறக்குறைய 3 ஸ்டாப் கீழே. தயாரிப்பாளர்கள் எல்லோரும் அந்த முறையையே பின்பற்றுவதில்லை என்றாலும் தொடங்குவதற்கு இது நல்ல எண். எனவே தூணின் 1/2000ஐ எடுத்து, 2⅔ ஸ்டாப் கூட்டி 1/320இல் எடுக்கிறோம். தூண் கூரைக்கு மூன்றில் ஒரு ஸ்டாப் கீழே பத்திரமாக இருக்கும்.

மற்றவை எங்கே விழுகின்றன? நிழலில் நிற்கும் தூண் கூரைக்கு 6.4 ஸ்டாப் கீழே: சுமார் 710 எலக்ட்ரான், 27 தடுமாற்றம். சமிக்ஞை நாய்ஸைப்போல் 26 மடங்கு, அழகாக வரும். கூடத்தின் கூரை 9.3 ஸ்டாப் கீழே: 95 எலக்ட்ரான், 10 தடுமாற்றம். 9 மடங்கு, மணல்மணலாக இருக்கும், ஆனால் சுதை வேலை தெரியும். உள்கதவு 12.3 ஸ்டாப் கீழே: வெறும் 12 எலக்ட்ரான், அதில் நாலரை தடுமாற்றம். கதவு இருக்கிறது என்று தெரியும்; மரத்தின் ரேகை தெரியாது. கதவிடுக்கில் மூன்று எலக்ட்ரான். அது 14 ஸ்டாப்புக்கு உட்பட்டதுதான், அட்டையில் இருப்பது பொய்யில்லை. ஆனால் அங்கே இருப்பது படம் இல்லை, சகதி.

மேலே கெட்டிக்கூரை, கீழே காலை வைக்க வைக்க உள்ளே போகும் சகதித் தரை. டைனமிக் ரேஞ்ச் என்ற ஒற்றை எண் இந்த இரண்டையும் ஒரே மாதிரிச் சுவர்கள்போலக் காட்டிவிடுகிறது. களத்தில் செய்யும் எல்லா முடிவும் இந்த வித்தியாசத்திலிருந்தே வருகிறது.

நெகட்டிவ் ஃபிலிமில் பழகியவர்களுக்கு இது தலைகீழ். அங்கே வெளிச்சப் பக்கம் மெதுவாக மழுங்கும், நிழல் பக்கம் திடீரென அறுந்துபோகும். அதனால்தான் நிழலுக்கு அளந்து எடு என்று சொல்லிக் கொடுத்தார்கள். டிஜிட்டலில் வெளிச்சத்துக்கு அளக்க வேண்டும். ஸ்லைடு ஃபிலிமில் எடுத்துப் பழகியவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. அவர்கள் எப்போதும் அப்படித்தான் எடுத்தார்கள்.

பயமும் செலவு வைக்கும். தூண் வெளுத்துவிடுமோ என்று பாதுகாப்புக்காக இன்னும் இரண்டு ஸ்டாப் குறைத்து 1/1250இல் எடுத்தால், கூடத்தின் கூரையில் 95 எலக்ட்ரான் 24 ஆகிவிடும். 9 மடங்காக இருந்தது 4 ஆகிவிடும். ரா ஃபைல் (சென்சார் பதிந்த எண்கள் அப்படியே) தானே, பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது பாதிதான் சரி. தூக்கலாம், கூடவே நாய்ஸும் எழுந்து வரும். கேமராவின் சராசரி மீட்டரை நம்பி 1/80இல் எடுத்தால் நேர் எதிர் விபத்து: தூண் கூரையைத் தாண்டி ஒன்றேமுக்கால் ஸ்டாப் மேலே போய்விடும்.

எண்களை எப்படிப் படிப்பது

சென்சார்களை அளந்து சொல்லும் டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் சோதனையில் நிகான் டி850க்கு 14.8 ஈவி (ஸ்டாப்புக்கு இன்னொரு பெயர்). பில் கிளாஃப் நடத்தும் ஃபோட்டான்ஸ் டு ஃபோட்டோஸ் தளத்தில் அதே கேமராவுக்குப் பதினொன்றரை அளவில்தான் வருகிறது. இரண்டும் சரி. டிஎக்ஸ்ஓ தரையை நாய்ஸும் சமிக்ஞையும் சமமாகும் இடத்தில் வைக்கிறது. கிளாஃப் சமிக்ஞை 20 மடங்காக இருக்கும் இடத்தில் வைக்கிறார். சகதி எந்த ஆழம் வரை தரை என்று சொல்லலாம் என்பதில் இருவருக்கும் வேறு கொள்கை. மேலே கூடத்தின் கூரைக்கு வந்த 9 மடங்கை நினைத்துப் பார்த்தால் படம் எடுப்பவருக்கு எது பக்கம் என்று தெரியும்.

14 பிட் ஃபைலில் (அதில் 14 இரட்டிப்புக்குத்தான் இடம்) 14.8 ஸ்டாப் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. டிஎக்ஸ்ஓ படத்தை 8 மெகாபிக்சலுக்குச் சுருக்கிவிட்டுத்தான் எண்ணைச் சொல்கிறது. 45 மெகாபிக்சலை அந்த அளவுக்குச் சுருக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் சேர்ந்து நாய்ஸ் தணியும். அதில் மட்டும் ஒன்றேகால் ஸ்டாப் கிடைக்கிறது. முழு அளவில் அச்சடிக்கிறவருக்கு அந்த ஒன்றேகால் கிடையாது.

2012இல் வந்த இரண்டு கேமராக்களை வைத்து ஒரு பாடம் படிக்கலாம். நிகான் டி800க்கு டிஎக்ஸ்ஓ கொடுத்தது 14.4. அதே ஆண்டின் கேனான் 5டி மார்க் 3க்கு 11.7. ஒளியை வாங்குவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எண்ணும் இடத்தில். டி800இன் சென்சார், சிப்பிலேயே ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு மாற்றியை வைத்து அங்கேயே எண்ணாக்கிவிடும். மற்றதில் சமிக்ஞை சிப்பைவிட்டு வெளியே வந்து, வயர் கடந்து, பிறகுதான் எண்ணாகும். வழியில் சேரும் இரைச்சல் நிழலில் கோடு கோடாகப் படியும். இப்படிக் கோடாக வரும் நாய்ஸ் எண்ணில் தெரிவதைவிடக் கண்ணுக்கு மோசம். பரவலான மணலைக் கண் மன்னித்துவிடும், வரியை மன்னிக்காது. 2016இன் 5டி மார்க் 4இல் கேனானும் மாற்றியைச் சிப்புக்குள் கொண்டுவந்தது. வித்தியாசம் பெருமளவு மறைந்தது. அதற்குப் பிறகு நல்ல ஒளியில் எடுக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமராக்களுக்குள் டைனமிக் ரேஞ்சைக் காரணம் காட்டி மாற்றிக்கொண்டிருப்பது காசைக் கரியாக்குவது. வேகத்துக்காகச் செய்த சென்சார்களில் எண் கொஞ்சம் இறங்கவும் செய்திருக்கிறது. 2023இன் சோனி ஏ9 3, எல்லாப் பிக்சலையும் ஒரே சமயத்தில் பதியும் குளோபல் ஷட்டருக்காக அடிப்படை ஐஎஸ்ஓவை 250இல் வைத்திருக்கிறது.

ஐஎஸ்ஓ என்ற திருகு

ஐஎஸ்ஓவை ஏற்றினால் சென்சாருக்கு ஒளி கூடுவதில்லை. வந்த எலக்ட்ரானைப் பெருக்கி எண்ணுகிறார்கள். 100இல் 60,000 எலக்ட்ரானுக்கு நிறையும் ஃபைல், 400இல் 15,000லேயே நிறைந்துவிடும். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கூரை ஒரு ஸ்டாப் இறங்குகிறது. அதனால் வெயில் நிழல் காட்சிக்கு அடிப்படை ஐஎஸ்ஓதான்: பெரும்பாலானவற்றில் 100, டி850, இஸட்7 போன்றவற்றில் 64. மெனுவில் அதற்கும் கீழே நீட்டிப்பாக 50 இருக்கும், அது ஏமாற்று. ஒரு ஸ்டாப் கூடுதலாக எடுத்து, ஃபைலில் இறக்கிக் காட்டுவதுதான். மேலே ஒரு ஸ்டாப் போய்விடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இப்போதைய பல சென்சார்கள் பெருக்கும் விதத்தை ஓர் இடத்தில் மாற்றிக்கொள்கின்றன. சோனி ஏ7 3இல் ஐஎஸ்ஓ 640இல் அது நடக்கிறது. ரீட் நாய்ஸ் அங்கே சட்டென்று இறங்குகிறது. எனவே ஐஎஸ்ஓ 500ஐவிட 640 நிழலில் சுத்தம். அதற்கு மேலே ஏற்றுவதில் சுத்தம் கூடுவது மிகச் சொற்பம். இதைக் கல்யாண வரவேற்பு மேடையில் பயன்படுத்தலாம். பின்னால் எல்ஈடி விளக்கு, முன்னால் குத்துவிளக்கு, நடுவில் மங்கலான முகங்கள். மீட்டர் 3200 கேட்கிறது. ஷட்டரையும் அபெர்ச்சரையும் அப்படியே வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் 640இல் நிறுத்தி எடுத்து, பிறகு கணினியில் 2⅓ ஸ்டாப் தூக்கினால் முகத்தின் நாய்ஸ் ஏறக்குறைய அதேதான். ஆனால் விளக்குச்சுடருக்கும் ஜரிகைக்கும் 2⅓ ஸ்டாப் கூரை மிச்சம். சங்கடம் ஒன்றுதான்: பின்திரையில் படம் இருட்டாகத் தெரியும், எட்டிப் பார்க்கும் மாப்பிள்ளையின் சித்தப்பா கவலைப்படுவார்.

இந்த வித்தை எல்லாக் கேமராவிலும் பலிக்காது. உங்களுடையதில் பலிக்கிறதா என்று பார்க்க, ஒரே ஷட்டர், ஒரே அபெர்ச்சரில் 100, 200, 400 என்று 3200 வரை எடுத்து, எல்லாவற்றையும் ரா மென்பொருளில் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிழலை 100 சதவீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கிருந்து வித்தியாசம் தெரியவில்லையோ அதற்கு மேல் திருக வேண்டியதில்லை.

ஹிஸ்டோகிராம் சொல்லும் பொய்

கூரைக்கு மூன்றில் ஒரு ஸ்டாப் கீழே நிறுத்து என்று சொல்வது எளிது. கூரை எங்கே என்று கேமரா நேரடியாகக் காட்டுவதில்லை. பின்திரையில் வரும் ஹிஸ்டோகிராமும் (எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்ற வரைபடம்) மினுக்கும் எச்சரிக்கையும் ரா ஃபைலிலிருந்து வருபவை அல்ல. கேமரா தனக்குள் செய்த ஜேபெக்கிலிருந்து வருபவை. அந்த ஜேபெக்குக்கு கான்ட்ராஸ்ட் ஏற்றப்பட்டிருக்கும், வெள்ளை வெள்ளையாகத் தெரிவதற்காக நிறங்கள் ஒயிட் பேலன்ஸில் பெருக்கப்பட்டிருக்கும். வெயிலில் பல கேமராக்கள் பச்சையை 1 என்று விட்டு, சிவப்பை ஏறக்குறைய 2 மடங்கும் நீலத்தை ஒன்றரை மடங்கும் பெருக்குகின்றன. ஜேபெக்கில் சிவப்பு நிறைந்ததாகக் காட்டும்போது ராவில் சிவப்புக்கு ஒரு ஸ்டாப் இடம் பாக்கி இருக்கலாம்.

இதே பெருக்கல்தான் இன்னொரு கோளாறுக்கும் காரணம். வெளுத்த மேகத்தில் ஹைலைட்டை இழுத்து இறக்கினால் சில நேரம் இளஞ்சிவப்பு பூசியதுபோல் வரும். பச்சை கூரையில் முட்டி நின்றுவிட்டது, சிவப்பும் நீலமும் முட்டவில்லை, பெருக்கியதும் அவை பச்சையை மிஞ்சிவிட்டன. அந்த இடத்தில் நிறத்தைத் தேடி மல்லுக்கட்டாமல் வெள்ளையாகவே விட்டுவிடுவது உத்தமம்.

குத்துவிளக்கு வெளிச்சத்தில் கதை மாறும். சுடரின் ஒளியில் சிவப்பு மிகுதி, நீலம் மிகக் குறைவு. ராவிலேயே முதலில் நிறைவது சிவப்பு. சிவப்புப் பட்டுப்புடவையில் மடிப்பு தெரியாமல் ஒரே குங்குமத் திட்டாகப் போவது இதனால்தான். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு சிவப்பைப் பார்க்க வேண்டும்; வெள்ளை நிறத்தில் வரும் மொத்த ஹிஸ்டோகிராம் எல்லாம் நலம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

பொய்யைக் குறைக்க முதல் வேலை, பிக்சர் ஸ்டைலை நியூட்ரல் அல்லது ஃபிளாட்டில் வைத்து கான்ட்ராஸ்டை இறக்குவது. ரா ஃபைலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. திரையில் வரும் சாட்சி மட்டும் கொஞ்சம் நேர்மையாகும். அடுத்தது ஒரு மணி நேரச் சோதனை. சீராக வெயில் விழும் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் விலக்கி, ஸ்பாட் மீட்டரில் அளந்து, 0வில் ஒன்று, பிறகு +2இலிருந்து +4⅓ வரை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக ஏற்றி எடுக்க வேண்டும். மேகம் குறுக்கே வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஃபைல்களை ராவின் எண்களை அப்படியே காட்டும் ராடிகர் (RawDigger) மென்பொருளிலோ, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளின் ரா எச்சரிக்கையிலோ திறந்து பச்சை எங்கே முட்டுகிறது என்று பார்க்க வேண்டும். +3⅓இல் முட்டினால் உங்கள் கேமராவில் வெள்ளையை +3இல் நிறுத்தலாம். இந்த ஒரு எண்ணைக் கேமராவின் அடியில் டேப் ஒட்டி எழுதிவைத்துக்கொள்ளலாம். அட்டையில் போட்ட 14ஐவிட இதுதான் உதவும்.

நேரமில்லாத இடத்தில் ஹைலைட்டுக்கு முதலிடம் தரும் மீட்டரிங் முறை கைகொடுக்கும். 2014இன் டி810இல் நிகான் கொடுத்தது. இப்போது வேறு கேமராக்களிலும் உண்டு. அது கொஞ்சம் பயந்த சுபாவம். ஃப்ரேமில் ஒரு கண்ணாடி மினுக்கினாலே மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும், ஆகவே +⅔ அளவுக்குத் திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும். வாகனக் கண்ணாடியிலும் பித்தளையிலும் தெறிக்கும் வெயிலைக் காப்பாற்ற முயல்வதில் பொருளே இல்லை. அது வெளுத்தால்தான் வெயில்.

சத்தமில்லாமல் ரேஞ்சைத் திருடும் மெனு வரிகள் சில உண்டு. எலக்ட்ரானிக் ஷட்டர் சில கேமராக்களில் 14 பிட்டை 12 ஆக்கிவிடும். கேனான் ஆர்6 ஓர் உதாரணம். சோனி ஏ7 3இல் அமுக்கிய ராவைத் தொடர்ந்து சுட்டாலும் அப்படியே. கேனானின் ஹைலைட் டோன் பிரையாரிட்டி, நிகானின் ஆக்டிவ் டி-லைட்டிங் இரண்டும் நமக்குத் தெரியாமல் எக்ஸ்போஷரைக் குறைத்து ஜேபெக்கில் மட்டும் நிழலைத் தூக்கிக் காட்டும். ஜேபெக் மட்டுமே எடுப்பவருக்கு அவை நல்லவை. ரா எடுப்பவர் அணைத்துவிடுவது நல்லது.

ஒரு ஃப்ரேம் போதாதபோது

கூடத்தின் கூரையும் உள்கதவும் சுத்தமாக வேண்டும் என்றால் கூடுதல் ஒளி சேர்த்தாக வேண்டும். வேறு வழி இல்லை. சேர்ப்பதற்கு இரண்டு பாதை.

ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த பிராக்கெட்: ஒரே காட்சியை வேறு வேறு வெளிச்ச அளவில் எடுத்து ஒட்டுவது. ட்ரைபாட், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ஃபோகஸும் ஒயிட் பேலன்ஸும் கையால் பூட்டியது, இரண்டு நொடி டைமர். மாற்றுவது ஷட்டரை மட்டும்; அபெர்ச்சரை மாற்றினால் ஃபோகஸ் ஆழம் மாறி விளிம்புகள் ஒட்டாது. 1/320, 1/80, 1/20. மூன்று போதும். ஏழு, ஒன்பது என்று எடுத்துக் குவிப்பதில் பயன் இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமும் தானே எட்டு ஒன்பது ஸ்டாப் நன்றாகப் பிடிக்கும்போது இரண்டு ஸ்டாப் இடைவெளி தாராளம். 1/20 ஃப்ரேமில் கூடத்தின் கூரைக்கு 1,500 எலக்ட்ரான். 9 மடங்காக இருந்தது 39 ஆகிறது. உள்கதவு இரண்டரையிலிருந்து 13க்கு வருகிறது.

இரண்டாவது, அதே 1/320இல் 16 ஃப்ரேம் தொடர்ச்சியாக எடுத்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுப்பது. 16 ஃப்ரேமின் சராசரியில் நாய்ஸ் நாலில் ஒன்றாகும். கூடத்தின் கூரை 9இலிருந்து 37க்கு வருகிறது, கதவு பத்துக்கு. 1/320ஐ 16ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1/20. இரண்டு பாதையிலும் சேர்ந்த ஒளி ஒன்றேதான், அதனால்தான் பலனும் கிட்டத்தட்ட ஒன்று. ஒவ்வொரு முறையும் தனித்தனியாக எண்ணியதற்கான ரீட் நாய்ஸ் மட்டும் சராசரியில் கொஞ்சம் கூடுதல், அது கதவில் தெரிகிறது. கைப்பேசிகள் உள்ளே செய்வது ஏறக்குறைய இந்த இரண்டாவது வேலையைத்தான். கையில் பிடித்தே எடுக்கலாம், ட்ரைபாடுக்குத் தடை உள்ள இடங்களில் இதுவே கதி. ஃபோட்டோஷாப்பில் அடுக்குகளாக ஏற்றித் தானாகப் பொருத்தச் சொல்லி, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, ஸ்டாக் மோடில் மீன் என்பதைத் தேர்ந்தால் முடிந்தது. மீடியன் என்று கொடுத்தால் முற்றத்தில் நடந்துபோனவர்கள்கூட ஓரளவு மறைந்துவிடுவார்கள். ஆனால் 16 ராவுக்கும் ஒரே திருத்தம்தான் போட்டிருக்க வேண்டும், தானியங்கி எதுவும் கூடாது.

பிராக்கெட்டில் வழக்கமாகக் கெடுவது அசைவு. மரத்தின் இலை, கொடி, புறா, ஆள். மூன்று ஃப்ரேமிலும் வேறு வேறு இடத்தில் இருப்பதை மென்பொருள் ஒட்டும்போது பேய்போல் அரைகுறை நிழல் விழும். பேய் நீக்கும் வசதியை முழுவதும் ஏற்றினால் அந்த இடத்துக்கு ஒரே ஃப்ரேமை எடுத்துக்கொள்ளும். பக்கத்து இடம் சுத்தமாகவும் அது மட்டும் மணலாகவும் இருக்கும். அப்படி இருப்பதே மேல். பேயைவிட மணல் பரவாயில்லை.

பாதி கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் கடலோரத்துக்கு நல்லது. மாமல்லபுரத்தில் சூரியன் கடலுக்கு மேலே எழும்போது அடிவானம் நேர்கோடாக இருப்பதால் 2 அல்லது 3 ஸ்டாப் ஃபில்டர் உட்கார்ந்துவிடும். கோபுரம் எழும்பி நிற்கும் ஃப்ரேமில் போட்டால் வானத்தோடு சேர்ந்து கோபுரத்தின் மேல்பாதியும் கறுக்கும். பார்த்தவுடனே தெரியும் குறை அது.

ஆள் இருக்கும் படத்தில் இவ்வளவு வித்தையே தேவையில்லை. காட்சியின் ரேஞ்சையே குறைத்துவிடலாம். உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி, கறுத்த முடி, நெற்றி மேட்டின் நிழலில் கண்கள்: ஃப்ரேமுக்கு வெளியே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நெஞ்சு உயரத்தில் பிடித்தால் கண்குழி ஒன்றரை ஸ்டாப் போல ஏறும். ஃபிளாஷ் என்றால், ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப் 11 வெயிலுக்குச் சரி. 35 மிமீ ஜூமில் கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தை மீட்டரில் சொல்லும் எண்) 36 உள்ள ஃபிளாஷ் அந்த அபெர்ச்சரில் 36ஐ 11ஆல் வகுத்த தூரம், அதாவது 3.3 மீட்டர் வரை முழு ஒளி தரும். நிழலை நிரப்ப ஒரு ஸ்டாப் குறைவு போதும் என்பதால் நாலரை மீட்டர் வரை நிற்கலாம். அதற்குமேல் நின்று கொண்டு பேட்டரியைத் திட்டிப் பயனில்லை. ஷட்டரை, ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகமான சிங்க் வேகத்துக்கு மேல் ஏற்றி ஹை ஸ்பீட் முறைக்குப் போனால் ஃபிளாஷின் பலம் பல மடங்கு குறையும். அப்போது அருகில் போக வேண்டும்.

லென்ஸ் ஒரு திருடன்

சென்சாரைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள். ஒளி சென்சாருக்கு வருவதற்குள் லென்ஸ் ஒரு கைபார்த்துவிடும். வெயிலின் ஒரு துளி லென்ஸுக்குள் அங்குமிங்கும் முட்டிச் சிதறி ஃப்ரேம் முழுக்க மெல்லிய பாலாடைபோலப் படியும். சிதறல் அரை சதவீதம் என்றே வையுங்கள். ஃப்ரேமில் பெரும்பகுதி வெயில் என்றால் அது கூரைக்கு ஏழெட்டு ஸ்டாப் கீழே இருக்கும் எல்லா நிழலையும் தொட்டுவிடும். கூடத்தின் கூரைக்கு நியாயமாக 95 எலக்ட்ரான். அதன்மேல் சிதறல் கொண்டுவந்து போடுவது நூறு, இருநூறு. நிழலைத் தூக்கினால் வருவது விவரம் இல்லை, சாம்பல் மூட்டம். பிராக்கெட் இதைத் தீர்க்காது. எத்தனை நேரம் திறந்துவைத்தாலும் சிதறலும் அதே விகிதத்தில் ஏறும்.

இதற்கு மருந்து மலிவு. முன்கண்ணாடியில் விரல் ரேகை இல்லாமல் துடைப்பது, யூவி ஃபில்டரைக் கழற்றுவது, ஹூட் போடுவது, முடிந்தால் வெயில் நேராக லென்ஸில் விழாதபடி ஒரு தூணின் நிழலுக்குள் நின்றுகொள்வது. கடலோர ஊர்களில் ஈரப்பதத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். நேர்வெளிச்சத்தில் எடுக்கும் சாதாரணப் படத்தில் அது தெரியாது, எதிர்வெயிலில் எடுத்தால் மொத்த ஃப்ரேமும் வெளிறிப்போகும். லென்ஸின் அபெர்ச்சரை முழுதாகத் திறந்து பின்பக்கத்திலிருந்து சின்ன டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலைபோலத் தெரிந்துவிடும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் எடுக்கும் முதல் பத்து நிமிடப் படங்களும் இதே ரகம். பனி பூத்த கண்ணாடி. கேமராவைப் பையோடு வெளியே வைத்து, சூடு ஏறிய பிறகு திறக்க வேண்டும்.

கடைசியாக அமுக்குவது

பிடித்த 12 ஸ்டாப்பை எங்கே காட்டப் போகிறோம்? பளபளப்புத் தாளில் அச்சடித்தால் ஏழு ஸ்டாப் அளவில்தான் இடம். மேட் தாளில் இன்னும் குறைவு. எதையாவது அமுக்கித்தான் ஆக வேண்டும். ஹைலைட்டை -100, ஷேடோவை +100 என்று இரண்டு கோடிக்கும் தள்ளிவிடுவது கைப்பழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் வெயில் தூணும் நிழல் தூணும் ஒரே வெளுப்பில் வந்து நிற்கும். முற்றத்தில் வெயிலே அடிக்கவில்லை என்பதுபோல இருக்கும். கோபுரத்தின் ஓரத்தில் வானம் ஒளிவட்டம் போடுவதும் இதே மிகையின் அடையாளம்.

வரிசையை மாற்றிச் செய்தால் இந்தத் தொல்லை குறைவு. முதலில் மொத்த எக்ஸ்போஷரைக் கூடத்து நிழல் இயல்பாகத் தெரியும் அளவுக்கு ஏற்ற வேண்டும், தூண் வெளுத்ததுபோலத் தெரிந்தாலும் பரவாயில்லை. ராவில் அது பத்திரமாக இருக்கிறது என்று அளந்தே எடுத்தோம். பிறகு ஹைலைட்டைத் தூணின் பூச்சு தெரியும் வரை மட்டும் இறக்க வேண்டும். ஷேடோ திருகைக் கடைசியில், +30, +40க்குள். கறுப்புப் புள்ளியைக் கதவிடுக்கில் வைத்து, அங்கே முழுக் கறுப்பாகவே விட வேண்டும். மூன்று எலக்ட்ரானைத் தூக்கினால் பச்சையும் ஊதாவுமாக நிறம் கசியும். சென்சாரின் கறுப்பு அளவில் இருக்கும் நூலிழைப் பிசகு அங்கேதான் வெளியே வரும். வெயில் தூணுக்கும் நிழல் தூணுக்கும் காட்சியில் ஆறு ஸ்டாப் இருந்தது. அச்சில் அது இரண்டரை, மூன்றாக இறங்கினாலும் கண் வெயிலை வெயில் என்று ஒத்துக்கொள்ளும். ஒன்றாக இறங்கினால் ஒத்துக்கொள்ளாது.